சின்ன வயசு நார்னியாவை இப்போ திரும்பப் படிச்ச அனுபவம்

சின்ன வயசுல உயிரா இருந்த ஒரு கதை வரிசையைப் பெரியவங்க ஆனப்புறம் திரும்பப் படிக்கலாம்னு இருக்கீங்களா, அப்போ முதல் பக்கத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுத்து ஞாபகத்துல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எழுதி வச்சிடுங்க. கூகுள் பண்ணாதீங்க, சரியா தப்பான்னு யோசிக்காதீங்க, வர்றத அப்படியே எழுதுங்க. படிக்க ஆரம்பிச்சிட்டா பழைய ஞாபகமும் புதுசா படிச்சதும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், அப்புறம் அன்னிக்கு நான் எதைப் பாத்தேன் இன்னிக்கு எதைப் பாக்கறேன்னு பிரிச்சுச் சொல்லவே முடியாது. எனக்கு இந்த முழு அனுபவத்துலயும் ரொம்ப உபயோகமா இருந்தது அந்த ரெண்டு பக்கம்தான்.

என்னோடது நார்னியா, நார்னியாங்கற ஒரு மாய உலகத்தைப் பத்தின சிறுவர் கதை வரிசை. சி.எஸ்.லூயிஸ் எழுதினது, மொத்தம் 7 புத்தகம், 1950லேருந்து 1956 வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணா வந்தது. நான் தொடக்கநிலை படிக்கும்போது அப்பா இங்க சிங்கப்பூர்ல பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ்ல பழைய புத்தகக் கடையிலேருந்து செட்டா வாங்கிட்டு வந்தார், அட்டையெல்லாம் மடங்கி யாரோ பேர் எழுதி அடிச்ச புத்தகம், அதை பஸ்ல, புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல இருக்கற கல் மேசையில, டியூஷனுக்கு முன்னாடி பின்னாடின்னு திரும்பத் திரும்பப் படிச்சிருக்கேன். வருஷம் பூரா புழுங்கற ஊர்ல, ஃபேனுக்கு அடியில படுத்துக்கிட்டு, பனி கொட்டற காட்டுக்கு நடுவுல ஒத்த விளக்குக் கம்பம் எரியறதைப் படிக்கறப்போ வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்கு நான் இன்னிக்கும் நன்றியோட இருக்கேன். இப்போ என் மக தொடக்கநிலை நாலு. அவ பள்ளி நூலகத்துல முதல் புத்தகத்தை எடுத்துட்டு வந்து அம்மா இது உங்களோடதுதானேன்னு கேட்டா. சரி ஏழையும் சேந்து படிப்போம்னு ஆரம்பிச்சோம், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் அவ ஒரு பக்கம் நான், சத்தமா.

என் நோட்டுல இருந்தது இதுதான்: அலமாரிக்குள்ள தொங்கற கம்பளிக் கோட்டு, விளக்குக் கம்பம், ஆட்டுக்கால் வச்ச டம்னஸ் குடையோட வர்றது, அவர் வீட்டு டீ, டர்க்கிஷ் டிலைட்ங்கற இனிப்பு, அஸ்லான்ங்கற சிங்கத்தோட பிடரி, யூஸ்டஸ்ங்கற பையன் டிராகனா மாறினது, பட்டில்கிளம் வெறுங்காலால நெருப்பை மிதிச்சது. எழுதி முடிச்சு ரொம்ப நாளைக்கப்புறம்தான், அதுவும் பாதி புத்தகம் தாண்டினப்புறம்தான், அந்த லிஸ்ட்ல எது இல்லைங்கறது எனக்குத் தெரிஞ்சுது. கலோர்மென் நாட்டைப் பத்தி ஒரு வரி இல்ல. ஒரு புத்தகம் பாதிக்கு மேல அந்த நாட்டுலதான் நடக்குது, கடைசிப் புத்தகத்துல சண்டையே அந்த நாட்டோடதான், எனக்கு ஞாபகம் இருந்ததோ பேசற குதிரையும் பாலைவனமும் மட்டும். அங்க இருக்கற மனுஷங்க யாருமே என் ஞாபகத்துல இல்ல. அந்த மனுஷங்கதான் இந்த ஏழு புத்தகத்துலயும் பாக்கறதுக்கு என்னை மாதிரி, எங்க அப்பா மாதிரி இருக்கறவங்க.

அதனாலதான் சொல்றேன், எழுதி வச்ச லிஸ்ட்ல எது இருக்குன்னு பாக்கறதை விட எது விட்டுப்போச்சுன்னு பாருங்க. அங்கதான் விஷயம் இருக்கும்.

வரிசையைப் பத்தி ஒரு சின்ன விஷயம். இப்போ கடையில கிடைக்கற செட்ல ஒண்ணாம் நம்பர் போட்டிருக்கறது நார்னியா உருவான கதை, ஆனா அது எழுதி வெளிவந்தது ஆறாவதா, 1955ல. 1994 வாக்குல பதிப்பகம்தான் கதையோட கால வரிசைப்படி நம்பரை மாத்திச்சு. குழந்தையோட படிக்கறீங்கன்னாலும் சரி தனியா படிக்கறீங்கன்னாலும் சரி, வெளிவந்த வரிசையிலயே படிங்கன்னு சொல்வேன், அலமாரிக் கதை, காஸ்பியன், கப்பல் பயணம், வெள்ளி நாற்காலி, குதிரை, உருவான கதை, கடைசி யுத்தம்னு. எழுத்தாளரோட மனசு எந்தப் பக்கம் போகுது, எது வருஷத்துக்கு வருஷம் கூடுது எது குறையுதுன்னு அப்போதான் தெரியும். கலோர்மென்காரங்க மூணாவது புத்தகத்துல ஓரமா தலைகாட்டறாங்க, அஞ்சாவதுல நடுவுக்கு வர்றாங்க, ஏழாவதுல நாட்டையே அழிக்க வர்றாங்க. நம்பர் மாத்தின செட்ல இந்தப் படிக்கட்டு கண்ணுக்குப் படாது.

அப்புறம் சத்தமா படிக்கறது. கண்ணு தெரிஞ்ச கதையில வேகமா ஓடும், வாயால அப்படி ஓட முடியாது, ஒவ்வொரு வரியையும் சொல்லித்தான் ஆகணும், அதுவும் பக்கத்துல ஒரு குழந்தை தலையணையைக் கட்டிப்பிடிச்சுக் கேட்டுட்டு இருக்கும்போது. குழந்தை இல்லாட்டியும் பரவால்ல, சந்தேகமா இருக்கற பக்கத்தை மட்டுமாவது வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.

முதல் புத்தகம் நான் நினைச்சதை விட நல்லா இருந்துது. லண்டன்ல குண்டு விழற நேரம், அப்பா அம்மாவை விட்டுட்டு கிராமத்துக்கு அனுப்பப்பட்ட நாலு பிள்ளைங்க, அதெல்லாம் சின்ன வயசுல எனக்குச் சும்மா கதை ஆரம்பிக்க ஒரு சாக்கு. இப்போ ஒரு தாயா படிக்கும்போது அந்த முதல் பத்தியிலயே நெஞ்சு அடைச்சுது. அந்த நாலு பேர்ல ஒருத்தன் எட்மண்ட், ஒரு டப்பா டர்க்கிஷ் டிலைட்டுக்காகக் கூடப்பிறந்தவங்களையே காட்டிக்குடுக்கறான்னு எனக்கு அப்போ அவன்மேல அவ்வளோ கோவம். ஆனா அந்தப் புத்தகம் வந்த 1950ல பிரிட்டன்ல மிட்டாய்க்கு ரேஷன் இருந்துது, 1953 பிப்ரவரிலதான் ஒரேயடியா எடுத்தாங்க. அப்போ படிச்ச பிள்ளைங்களுக்கு ஒரு டப்பா நிறைய இனிப்புங்கறது எவ்வளோ பெரிய ஆசையா இருந்திருக்கும்! அரப் ஸ்ட்ரீட் கடையில மகளுக்கு ஒரு பாக்கெட் வாங்கிக் குடுத்துட்டு ரேஷன் கதையைச் சொன்னேன், அவ எட்மண்டை உடனே மன்னிச்சிட்டா. இந்த மாதிரி வரலாறு தெரிஞ்சா கதை பெருசாகுது. எல்லாத்தையும் குறை கண்டுபிடிக்கற கண்ணோட படிக்கணும்னு இல்ல, விமர்சனமா படிக்கறதுங்கறதுல இதுவும் சேத்திதான்.

அதே புத்தகத்துல அந்த நாலு பேர்ல ரெண்டு பொண்ணுங்க, சூசன், லூசி. கிறிஸ்துமஸ் தாத்தா சூசனுக்கு வில்லும் அம்பும் குடுக்கறார், லூசிக்கு ஒரு சின்னக் கத்தி குடுக்கறார், குடுத்துட்டு ரெண்டு பேரும் சண்டையில இறங்கக் கூடாதுங்கறார், பொம்பளைங்க சண்டை போட்டா யுத்தம் அசிங்கமாயிடும்ங்கற மாதிரி ஒரு காரணம் சொல்றார். மக நிறுத்திட்டா. யூஸ் பண்ணக் கூடாதுன்னா எதுக்குக் குடுக்கறார்னு கேட்டா. நான் பதில் சொல்லல, ஓரத்துல ஒரு ஸ்டிக்கி நோட் ஒட்டிட்டு மேல படிச்சோம். இது எங்களுக்கு நல்லா வேலை செஞ்ச ஒரு வழி: கதை ஓடிட்டு இருக்கும்போது நடுவுல நிறுத்தி பாடம் எடுக்காம, கேள்வியை மட்டும் அந்தப் பக்கத்துல ஒட்டி வச்சிட்டு, புத்தகம் முடிஞ்சப்புறம் எல்லா ஸ்டிக்கரையும் ஒண்ணா எடுத்துப் பேசறது. கதையோட ருசியும் போகாது, கேள்வியும் காணாம போகாது. முடிக்கும்போது சில கேள்விக்குப் புத்தகமே பதில் சொல்லியிருக்கும். அஞ்சாவது புத்தகத்துல பெரிய யுத்தத்துக்கு லூசி வில் எடுத்துட்டு வர்றா, மக அதைப் பாத்துட்டு எந்திரிச்சு உக்காந்து கைதட்டினா.

மூணாவது புத்தகத்துல யூஸ்டஸோட அப்பா அம்மாவை ஆசிரியர் அறிமுகப்படுத்தற இடம் ஒண்ணு இருக்கு, அவங்க சைவம், சிகரெட் பிடிக்க மாட்டாங்க, குடிக்க மாட்டாங்கன்னு, அதையெல்லாம் ஏதோ கோளாறு பிடிச்ச ஆளுங்களோட லட்சணம் மாதிரி சொல்லிட்டுப் போறார். எங்க வீட்டுல செவ்வாய் வெள்ளி சைவம், எங்க பாட்டி வாழ்நாள் பூரா சைவம், சின்ன வயசுல நான் அந்த வரியைப் படிச்சு ஆசிரியரோட சேந்து சிரிச்சிருக்கேன், என் பாட்டி அடுத்த ரூம்ல இருக்கும்போது. இதை நான் பெரிய குத்தமா சொல்லல. ஆனா ஒரு கதைசொல்லி எவ்வளோ சுலபமா நம்மளை அவர் பக்கத்துல உக்கார வச்சுக்கறார்னு எனக்கு அங்கதான் முதல்ல புரிஞ்சுது. நாலாவது புத்தகத்துல பள்ளிக்கூடத்து ஹெட் ஒரு பெண்ணுங்கறதையே குறை மாதிரி போறபோக்குல சேத்துச் சொல்றதும் அப்படித்தான்.

இனிமே சொல்லப்போறதுதான் எனக்கு முக்கியம்.

கப்பல் பயணத்துலயே கதைசொல்லி கலோர்மென்காரங்களை ஒரே வரியில வர்ணிச்சிடறார்: கருத்த முகம், நீள தாடி, ஆரஞ்சுத் தலைப்பாகை, அறிவும் பணமும் மரியாதையும் உள்ளவங்க, கொடூரமானவங்க, பழமையான ஜனங்க. ஒரு மொத்த நாட்டுக்கும் சேத்து ஒரே குணம். அஞ்சாவது புத்தகத்துல ஷாஸ்தான்னு ஒரு பையன், ஒரு கலோர்மென் மீனவர் வளக்கறார், ஒருநாள் ஒரு பிரபு வந்து அவனை விலைக்குக் கேக்கறார், இவன் உன் பிள்ளையா இருக்க முடியாது, உன் கன்னமும் என் கன்னமும் கருப்பு, இவனோ வடக்குல இருக்கற அழகான அந்த ஜனங்க மாதிரி வெள்ளையா இருக்கான்னு சொல்றார். இதைச் சொல்றது கதாபாத்திரம், முன்னாடி சொன்ன வர்ணனையைச் சொன்னது கதைசொல்லி. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கறது ரொம்ப முக்கியம்ங்க. ஒரு கதாபாத்திரம் மோசமா பேசினா அது ஆசிரியரோட கருத்துன்னு ஆகிடாது. ஆனா கதைசொல்லி தன்னோட சொந்தக் குரல்ல சொல்றதும், கதை போற போக்கு அதை உண்மைன்னு காட்டறதும் வேற விஷயம். இங்க கதையும் அந்தப் பிரபு சொன்னதைத்தான் நிரூபிக்குது, வெள்ளையா இருந்த பையன் வடக்குல ஒரு ராஜாவோட பிள்ளைன்னு கடைசில தெரியுது.

தொடக்கநிலையில என் பக்கத்துல உக்கார மாட்டேன்னு சொன்ன பிள்ளைங்க இருந்தாங்க, தோல் நிறத்தை வச்சு. வெளியில அப்படின்னா, வீட்டுல சொந்தக்காரங்க வெயில்ல சைக்கிள் ஓட்டாத கருத்துடுவன்னு சொல்லுவாங்க. அதே வயசுல அதே பொண்ணு இந்தப் பக்கத்தைப் படிச்சிருக்கேன், ஒருதடவை கூட நின்னதில்ல, ஏன்னா நான் ஷாஸ்தாவோட குதிரை மேல உக்காந்துட்டு வடக்கு நோக்கிப் போயிட்டு இருந்தேன். நல்ல கதை அதைத்தான் பண்ணும், யாரோட கண்ணு வழியா பாக்கச் சொல்லுதோ அவங்களா நம்மளை ஆக்கிடும். அது கதையோட பலம்தான், நான் குறையா சொல்லல. ஆனா குதிரையிலேருந்து இறங்கி அந்த நகரத்துத் தெருவுல ஒருதடவை நின்னு பாக்கணும்னு இப்போதான் எனக்குத் தோணுச்சு.

நின்னு பாத்தா நல்லதும் கண்ணுல படுது, அதையும் நேர்மையா சொல்லணும். அராவிஸ்னு ஒரு கலோர்மென் பொண்ணு, அறுபது வயசுக் கிழவனுக்குக் கட்டிவைக்கப் பாக்கறாங்க, குதிரை ஏறித் தப்பிச்சு வர்றா, ஏழு புத்தகத்துலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச பொண்ணு இப்போ அவதான். அவ தன் கதையைச் சொல்ற இடத்துல ஆசிரியர் ஒண்ணு சொல்றார், கலோர்மென்ல பிள்ளைங்களுக்குக் கதை சொல்லக் கத்துக்குடுப்பாங்க, இங்கிலாந்துல கட்டுரை எழுதக் கத்துக்குடுக்கற மாதிரி, ஆனா கதையைக் கேக்க ஆள் இருக்கும், கட்டுரையைப் படிக்க யாரும் ஆசைப்பட்டதில்லைன்னு. கம்போசிஷன் எழுதி எழுதிக் கை வலிக்குதுங்கற என் மக இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சா. அந்த ஜனங்களை ஏளனமா பாத்த அதே ஆசிரியர்தான் அவங்களோட கதைசொல்ற கலையையும் மனசாரப் பாராட்டறார்.

அதே அராவிஸ் தப்பிச்சு வரும்போது காவலுக்கு இருந்த ஒரு வேலைக்காரப் பொண்ணுக்கு மயக்க மருந்து குடுத்துட்டு வர்றா. அந்தப் பொண்ணு அவ சித்தியோட அடிமை. தூங்கினதுக்காக அவளுக்குச் சவுக்கடி. பின்னாடி அஸ்லான் அராவிஸோட முதுகைக் கீறறார், அந்தப் பொண்ணு வாங்கின அடிக்குச் சரியா. அது நியாயம்தான். அப்போ அராவிஸ் கேக்கறா, நான் பண்ணதால அவளுக்கு இன்னும் ஏதாவது கஷ்டம் வருமான்னு. அதுக்கு அஸ்லான் சொல்ற பதில், நான் உன்னோட கதையைத்தான் உனக்குச் சொல்றேன் அவளோடதை இல்ல, யாருக்கும் அவங்கவங்க கதை மட்டும்தான் சொல்லப்படும்ங்கறது. சின்ன வயசுல இது எனக்குப் பெரிய ஞானமா இருந்துது. இப்பவும் பாதி அப்படித்தான் இருக்கு, அடுத்தவங்க வாழ்க்கையைத் தோண்டாதேங்கறது நல்ல விஷயம்தானே. ஆனா அந்தப் பொண்ணுக்குப் பேர் இல்ல. ஒரு வரி பேச்சு இல்ல. அவ கதையை அவளுக்காவது யாராவது சொன்னாங்களான்னு புத்தகம் எங்கயும் சொல்லல. அஸ்லான் சொன்ன விதிப்படியே பாத்தாலும் அவளுக்குன்னு ஒரு கதை இருக்கணும், அது எங்க?

நான் இந்த இடத்துல ரொம்ப நாள் நின்னுட்டேன். சிட்டி ஹால் எம்.ஆர்.டி ரயில் நிலையத்துப் பக்கத்துல இருக்கற செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரலை 1856க்கும் 1861க்கும் நடுவுல கட்டினது இந்தியாவிலேருந்து கொண்டுவந்த கைதிகள். இந்தியக் கைதிகள் இங்க வர ஆரம்பிச்சது 1825ல, நம்ம ஊர் பழைய ரோடு, கட்டடம் எத்தனையோ அவங்க உழைப்பு. அந்த வெள்ளைச் சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இப்போ எனக்கு அந்த அடிமைப் பொண்ணு ஞாபகம் வருது. கட்டினவங்கள்ல எத்தனை பேரோட பேரை நம்மால சொல்ல முடியும்? ஃபேன்டசிதானேன்னு விட்டுடற ஒரு கதை நிஜமான ஊரைப் பாக்க வச்சுது, அதுக்காகவே இந்தப் புத்தகத்தை நான் திரும்பப் படிச்சதுல எனக்கு நிறைவு. மகளோட ஸ்டிக்கி நோட்ல அன்னிக்கு இருந்தது ஒரே கேள்வி, அந்த அக்கா பேர் என்ன. அவளே ஒரு பேர் வச்சு, அடிவாங்கின மறுநாள் காலையில அவ என்ன பண்ணான்னு ஒரு பக்கம் எழுதினா. யாரும் எழுதச் சொல்லல. குழந்தையோட இப்படிப் படிக்கறவங்களுக்கு நான் தைரியமா சொல்லக்கூடிய ஒரு விஷயம் இது, கதையில பேர் இல்லாத ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து அவங்க அன்னிக்கு ராத்திரி எங்க தூங்கியிருப்பாங்கன்னு கேளுங்க. வேற எந்த விளக்கமும் தேவைப்படாது.

கடைசிப் புத்தகம் கஷ்டம். கலோர்மென்காரங்க கும்பிடற தாஷ் வர்ற இடத்துல, வேட்டைப் பறவைத் தலை, வளைஞ்ச அலகு, நாலு கை, போற இடமெல்லாம் பிண நாத்தம்னு வர்ணனை. மக சத்தமா படிச்சிட்டு இருந்தவ நிறுத்தி, அம்மா பெருமாளுக்கும் நாலு கைதானேன்னு கேட்டா. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்கு நாங்க சனிக்கிழமை போறது வழக்கம், நாலு கையோட பெருமாளும் அவருக்கு எதிர்ல மூக்கு வளைஞ்ச கருடனும் அவளுக்குப் பாப்பா வயசுலேருந்து பழக்கம். அவ பயந்து கேக்கல, குழம்பிப்போய் கேட்டா. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது, ஏன்னா இந்தக் கேள்வி எனக்கு அவ வயசுல வரவே இல்ல. நீ என்ன நினைக்கறன்னு திருப்பிக் கேட்டேன். இதை எழுதின தாத்தா எங்கயோ ஒரு சாமி படத்தைப் பாத்து பயந்திருப்பார், யாரும் அவருக்கு அது சாமின்னு சொல்லல போலருக்குன்னா. நான் ஒரு வார்த்தையும் சேக்கல.

அஸ்லான் சாகறதும் திரும்பி எழறதும் இயேசுவோட கதைங்கறதை நான் உயர்நிலைப் பள்ளியில ஒரு கிறிஸ்துவத் தோழி சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதைக் கேட்டு எனக்குக் கோவமோ ஏமாத்தமோ வந்ததில்ல, ஒருத்தர் தன்னோட நம்பிக்கையை அவ்வளோ அழகா கதையா எழுதியிருக்கார்னு மதிப்புதான் வந்துது. சங்கடமா இருக்கறது இன்னொருத்தரோட நம்பிக்கைக்குக் குடுத்த உருவம்தான். இதுலயும் அவர் ஒரு கதவைத் திறந்து வச்சிருக்கார், எமெத்னு ஒரு கலோர்மென் வீரன், வாழ்நாள் பூரா தாஷை உண்மையா கும்பிட்டவன், அவனை அஸ்லான் ஏத்துக்கறார், நீ நல்ல மனசோட பண்ணதெல்லாம் எனக்குப் பண்ணதுதான்னு. அவர் காலத்துல, அவர் நம்பிக்கைக்குள்ள இருந்துட்டு, இதை எழுத ஒரு பெரிய மனசு வேணும். ஆனாலும் எமெத் நல்லவனா இருக்கறதுக்கு அவன் கும்பிட்ட சாமி பொய்யாகித்தான் ஆகணும்னு இருக்கு. ரெண்டையும் மகளுக்குச் சொன்னேன், எது சரின்னு முடிவு பண்ணிக் குடுக்கல.

சூசன் விஷயம் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், ரயில் விபத்துல எல்லாரும் செத்துப்போய் அஸ்லான் நாட்டுக்குப் போயிடறாங்க, சூசன் மட்டும் இல்ல, அவளுக்கு இப்போ லிப்ஸ்டிக்லயும் நைலான் ஸ்டாக்கிங்ஸ்லயும் பார்ட்டிலயும்தான் ஆர்வம்னு மத்தவங்க சொல்றாங்க. எனக்கு லிப்ஸ்டிக்கை விட வலிச்சது வேற. அந்தப் பொண்ணு ஒரே நாள்ல அண்ணன், தம்பி, தங்கச்சி, அப்பா, அம்மா எல்லாரையும் இழந்திருக்கா, அதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல. லூயிஸ் பின்னாடி ஒரு பையனுக்கு எழுதின கடிதத்துல, சூசன் இன்னும் உயிரோடதான் இருக்கா, அவளுக்கு நேரம் இருக்கு, அவ வழியில அவ வந்து சேரலாம்ங்கற மாதிரி சொல்லியிருக்கார். அதைப் படிச்சு எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனா அது கடிதத்துல இருக்கு, புத்தகத்துல இல்ல.

இதே கண்ணை நம்ம கதைங்க பக்கமும் திருப்பணும்னு நான் உறுதியா நினைக்கறேன், இல்லைன்னா இது வெள்ளைக்காரர் புத்தகத்துல குத்தம் கண்டுபிடிக்கற வேலையா மட்டும் போயிடும். அதே அலமாரியில அப்பா வாங்கி வச்ச அம்புலிமாமா கட்டும் இருந்துது, விக்ரமாதித்தன் வேதாளம் கதைக்காக நான் அடிச்சுக்குவேன். இப்போ எடுத்துப் பாத்தா, தலை மாறின கதை ஞாபகம் இருக்கா, ஒரு பொண்ணு அவசரத்துல புருஷன் தலையையும் இன்னொருத்தர் தலையையும் உடம்பு மாத்தி ஒட்டிடறா, ரெண்டு பேரும் உயிரோட எந்திரிச்சிடறாங்க, யார் அவ புருஷன்னு வேதாளம் கேக்குது, புருஷன் தலை எங்க இருக்கோ அவன்தான்னு ராஜா சொல்றார். செத்துப்போன பொண்ணுக்கு மூணு பேர் போட்டி போடற கதையும் அப்படித்தான், சாம்பலைக் காத்தவனா, மந்திரம் கொண்டுவந்தவனான்னு ராஜா தீர்ப்பு சொல்றார். ஒரு கதையிலயும் அந்தப் பொண்ணுகிட்ட யாரும் கேக்கல! வேதாளத்துக்கும் தோணல, ராஜாவுக்கும் தோணல. அரக்கன்னா கருப்பு, இளவரசின்னா சிவப்புன்னு நாம கேட்டு வளந்த கதைங்க எத்தனை. இதையும் மகளோட படிச்சேன், அவ கேட்ட கேள்வியை நான் சொல்லவே வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

நார்னியாவைப் பத்தி சொன்னப்போ ஒரு தோழி, அப்படின்னா எதுக்குக் குழந்தைக்குக் குடுக்கற, தூக்கிப் போடுன்னா. இன்னொருத்தர், 1950கள்ல எழுதினது, அந்தக் காலம் அப்படி, விடுங்கன்னார். ரெண்டும் எனக்கு ஒத்துவரல. அந்தக் காலம் அப்படிங்கறது ஏன் எழுதினார்னு விளக்கும், படிக்கற என் பிள்ளைக்கு வர்ற குழப்பத்தை அது தீக்காது. 2014ல இங்க தேசிய நூலகம் மூணு சிறுவர் புத்தகங்களை எடுத்தப்போ நிறைய குடும்பங்கள் நூலகக் கட்டடத்துக்குக் கீழ ஒண்ணா உக்காந்து பிள்ளைங்களோட புத்தகம் படிச்சாங்க, ரெண்டு புத்தகம் பெரியவங்க பிரிவுக்குத் திரும்பி வந்துது. அது வேற காரணத்துக்காக நடந்தது, ஆனா புத்தகத்தை எடுத்துட்டா கேள்வியும் போயிடும்னு நினைக்கறது சரியில்லைன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. 2023ல சிறுவர் எழுத்தாளர் ரோல்ட் டால் புத்தகங்கள்ல வார்த்தைகளை மாத்தினப்பவும் எனக்கு அதே எண்ணம்தான். தாஷோட ரெண்டு கையை வெட்டிட்டு யாராவது பதிப்பு போட்டிருந்தா என் மக அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டா.

முன்னை விட நார்னியாமேல எனக்கு அன்பு கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு கேட்டா, இடம் மாறியிருக்கு. லூசியும் அஸ்லானும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்காங்க, அராவிஸும் பட்டில்கிளம்மும் பக்கத்துல வந்திருக்காங்க. சூரியனே கிடையாது, நீ பாத்ததெல்லாம் கனவுன்னு ஒரு சூனியக்காரி புகை போட்டு மயக்கும்போது, எப்பவும் சோகமா பேசற அந்த மனுஷர் நெருப்பை மிதிச்சு அணைச்சுட்டு, நார்னியான்னு ஒண்ணு இல்லாட்டியும் நான் நார்னியாக்காரனாத்தான் வாழ்வேன்ங்கறார். அந்தப் பக்கத்தை நான் சத்தமா படிச்சப்போ குரல் உடைஞ்சுது, மக என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ்வளோ வருஷம் கழிச்சும், எல்லாக் கேள்விக்கும் அப்புறமும், அந்தப் பக்கம் அப்படியே நிக்குது.

தங்கச்சி இப்போ அவ பையனுக்கு இந்த செட்டை வாங்கலாமான்னு கேட்டா, அவன் தொடக்கநிலை ரெண்டு. வாங்கு, ஆனா முதல் நாலை மட்டும் இப்போ குடுன்னேன். அஞ்சாவதை ரெண்டு வருஷம் கழிச்சு நீ கூட உக்காந்து படி, ஏழாவதை அவன் தனியா படிக்க விடாத, அதைப் படிக்கறதுக்கு முன்னாடி அவன் நாலு கை சாமியோட கதை ரெண்டு மூணாவது நல்லா கேட்டிருக்கட்டும், தமிழ்ல, நம்ம அம்மா சொல்ற மாதிரி. செட்டா வாங்கக் காசு செலவு பண்ணாத, நூலகத்துல ஏழும் இருக்கு, லிப்பிங்கற மின்புத்தக ஆப்லயும் தேடிப் பாக்கலாம், ஆனா ஸ்டிக்கி நோட் ஒட்டணும்னா காகிதப் புத்தகமா எடுத்துட்டு வா, திருப்பிக் குடுக்கும்போது ஞாபகமா எல்லாத்தையும் உரிச்சு எடுத்துடு.